கார்டைப் பார்க்காமல் போனவன்

பதுளை டவுனில் அலுவலகக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் ஆட்கள் நேரே மொஹிதீன் நானாவின் கடைக்குத்தான் வருவார்கள். வந்ததும் நானாவைக் கேட்கமாட்டார்கள். "றொமேஷ் தம்பி இருக்காரா?" என்பார்கள். அப்படி ஒரு பேரை எடுத்து வைத்திருந்தான் றொமேஷ். முப்பதைத் தொடாத வயசு, ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, துடைத்துத் துடைத்தே பளபளப்பாக்கிய கறுப்புச் சப்பாத்து. பேச்சு குறைவு. வேலையில் மட்டும் அப்படி ஒரு பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தைச் சொல்லாமல் இவன் கதைக்குள் போகமுடியாது. ஓர் அலுவலகத்தின் சர்வருக்கு, அதாவது மற்றக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தாயாக இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு, புதிதாக விண்டோஸ் போடவேண்டுமென்று வையுங்கள். மற்ற ஆட்கள் என்றால் ஒரு பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். றொமேஷ் போகமாட்டான். முதலில் ஒரு தடவை சும்மா போய், மூடியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வருவான். காரணம் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் போல சர்வரில் டிஸ்க் நேரடியாகப் பூட்டப்பட்டிருக்காது. நடுவில் ஒரு கார்ட் உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டி ஒரே டிஸ்க் போல நடத்துவது அந்தக் கார்ட்தான். புதிதாக வருகிற விண்டோஸுக்கு அந்தக் கார்டைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் "இங்கே டிஸ்க்கே இல்லையே" என்று கையை விரித்துவிடும். தெரியவைக்க ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக ஒரு சின்ன மென்பொருள் உண்டு. டிரைவர் என்பார்கள். அதை முன்கூட்டியே தேடி இறக்கி, பென் டிரைவில் போட்டுக் கையோடு கொண்டுபோகவேண்டும்.

"கார்ட பாக்காம வேலைக்குப் போறவன் கால அளக்காம சப்பாத்து வாங்கப் போறவன்" என்று கடையில் மற்றவர்களை அவன் கேலி செய்வதுண்டு. அவர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பார்க்காமலே போவார்கள், திட்டு வாங்குவார்கள். றொமேஷ் மட்டும் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

இப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு தடவை கார்டைப் பார்க்காமல் போனான். ஏன் போனான், அது யார் தலையில் விடிந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

றொமேஷ் பிறந்தது கொஸ்லந்தப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் கடைசிக் காம்பிராவில். அப்பா சிங்கராயர் இவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா செபஸ்தியம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துத்தான் இவனைப் படிக்கவைத்தாள். இன்றைக்கும் கொழுந்துதான் எடுக்கிறாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் ஒருத்தன் இவனைப் பார்த்து "தோட்டக்காட்டான்" என்று சொல்ல, நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்துக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று மொஹிதீன் நானா "ஊரு எங்க தம்பி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "டவுன்தான் நானா" என்று வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்ன பொய்யைக் காப்பாற்றத் தினமும் ஒரு பொய் தேவைப்பட்டது.

அம்மா மாதத்தில் ஒரு தடவை பதுளைக்கு வருவாள். பஸ் ஸ்டாண்டிலேயே போய் அழைத்து, பக்கத்துக் கடையில் டீயும் பனிஸும் வாங்கிக்கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவான். கடைப்பக்கம் கூட்டிப்போனதில்லை. செபஸ்தியம்மாவும் "ஒன் கடை எந்தப் பக்கம்டா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூட இவனுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தோட்டத்து வேலை வந்தது. ஹாலிஎலையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் உள்ள தோட்டம். பேரைச் சொல்லப் போவதில்லை. தோட்டத்து ஆபீஸில் ஒரு பழைய சர்வர். அதில் ஆட்களின் பேர்வழி விவரமெல்லாம், அதாவது யார் எப்போது வேலைக்குப் பேர் பதிந்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது, விண்டோஸ் மட்டும் அரதப்பழசு, மாற்றவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"நீங்க ஒருக்கா முந்தியே போய் கார்ட பாத்துட்டு வந்துருங்க தம்பி" என்றார் மொஹிதீன் நானா. "ஒங்களுக்கு நான் சொல்லவா வேணும்?"

றொமேஷ் போகத்தான் போனான். ஹாலிஎலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே நடந்தான். ஆபீஸுக்குத் திரும்புகிற முடக்கில் கொழுந்து மடுவக் கொட்டகை இருந்தது. கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக வரிசையில் நின்று, ஒருத்தி பேச மற்றவள் சிரிக்க, ஒரே சத்தம். றொமேஷ் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்று பார்த்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு முகம் கொஸ்லந்தயில் பார்த்த முகம் மாதிரி இருந்தது. அவ்வளவுதான். "யாரு, நம்ம செபஸ்தியம்மா மவனா?" என்று யாராவது ஒருத்தி சத்தம் போட்டுக் கேட்டால்? ஆபீஸ் ஆட்களின் காதில் விழுந்தால்? பிறகு கடைக்குப் போனால்? வந்த வழியே திரும்பி, ஓட்டமும் நடையுமாக இறங்கி, பஸ் ஏறிவிட்டான்.

பெண்களைக் கண்டு பயந்து ஓடிய முதல் டெக்னீசியன் இவனாகத்தான் இருப்பான்! அதுவும் அம்மா மாதிரிப் பெண்களைக் கண்டு.

"கார்ட பாத்தீங்களா?" என்று கேட்டார் நானா.

"பாத்தேன் நானா. நம்ம பென்ல இருக்கிற டிரைவரே போதும்."

நானா நம்பினார். றொமேஷ் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வேலைக்கென்று போன அன்று மடுவத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தான். ஆபீஸ் வாசலில் சிமெந்துப் படி. படியின் கீழே வந்ததும், இவன் கால் தானாக நின்றது. உடம்பு தானாகக் குனிய, கை சப்பாத்தைக் கழற்றியது. தோட்டத்தில் அது வழக்கம். லயத்து ஆட்கள் ஆபீஸ் படியில் செருப்போடு ஏறமாட்டார்கள். ஏறக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் கழற்றுவார்கள். சின்ன வயசில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை அப்படி ஏறியிருப்பான்! இத்தனை வருசம் கழித்தும் காலுக்கு மறக்கவில்லை.

உள்ளேயிருந்து பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார். ஆபீஸுக்குத் தலைமை அவர்தான். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, பெரிய தொப்பை. "அட, என்னா தம்பி இது? சப்பாத்தோடயே வாங்க! லயத்து ஆளுகதான் கழட்டிப்போட்டு வருவாங்க. நீங்க போடுங்க, போடுங்க" என்று சிரித்தார்.

றொமேஷுக்கு முகம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சப்பாத்தை அவசரமாக மாட்டிக்கொண்டு, "மழை சேறுங்க, அதான்" என்று முனகினான். அன்று பொட்டு மழை இல்லை.

"எந்தப் பக்கம் தம்பி ஊரு?"

"பதுளை டவுன்தாங்க."

"அதானே. பேச்சுலயே தெரியுதே" என்று பெரிய கிளாக்கர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நிமிஷத்திலிருந்து றொமேஷுக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். இனி எதிலும் சறுக்கக்கூடாது. டவுன் ஆள் எப்படி இருப்பானோ அப்படி இருக்கவேண்டும். எதையும் கேட்கக்கூடாது, எதற்கும் தயங்கக்கூடாது.

சர்வர் இருந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். ஜெசீகா என்று பேர். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசு இருக்கும். அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவள். லயத்திலிருந்து அந்த ஆபீஸுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லி எடுத்தது. பெரிய கிளாக்கருக்கு அது பிடிக்கவில்லை. அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் ஜெசீகா எழுந்து நின்றாள். அவர் போனபிறகுதான் உட்கார்ந்தாள். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நாங்க வேணாம்னுதான் சொன்னோம்" என்று பெரிய கிளாக்கர் றொமேஷிடம் சொன்னார், அவள் காதில் விழட்டும் என்றே. "ஒரு தப்பு நடக்கட்டும். அடுத்த நாளே கொழுந்தெடுக்க மலைக்கு ஏத்திருவேன்."

இரண்டு வருசமாக அவள் பார்த்த வேலை என்னவென்றால், கரையான் தின்றுகொண்டிருந்த பழைய பதிவுகளைப் பார்த்து, தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவரும் எந்த வருசம் பேர் பதிந்தார்கள், இடையில் பேர் மாறி எழுதப்பட்டிருக்கிறதா, என்றெல்லாம் விசாரித்துத் திருத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. லயம் லயமாகப் போய்க் கேட்டு ஏற்றியிருந்தாள். அவ்வளவும் அந்த சர்வரில்தான் இருந்தது.

பெரிய கிளாக்கர் வெளியே போன நேரம் அவள் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, தொடங்கறதுக்கு முந்தி ஒரு காப்பி எடுத்துறட்டா? காப்பி எடுக்கிற பழைய டிஸ்க் போன மழைக்கு நனைஞ்சு கெட்டுப்போச்சு. புதுசு இப்பதான் வந்துச்சு. ஒரு மணித்தியாலம் ஆகும்."

றொமேஷ் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் சொல்கிற வார்த்தையே "காப்பி எடுங்க" என்பதுதான். ஆனால் அந்த நேரம் பெரிய கிளாக்கர் திரும்பி வந்து, கதவடியில் நின்று, "என்னா, இன்னும் தொடங்கலயா?" என்றார்.

"தேவையில்ல" என்றான் றொமேஷ், கொஞ்சம் பெருமையாகவே. "டேட்டா இருக்கிற பக்கத்த நான் தொடவே மாட்டேன்."

அதை அவன் பொய்யாகச் சொல்லவில்லை. சரியான டிரைவர் இருந்தால் விண்டோஸ் இருக்கிற பகுதியும் டேட்டா இருக்கிற பகுதியும் தனித்தனியாகத் தெரியும். ஒன்றை மட்டும் அழித்து எழுதலாம். மற்றது பத்திரமாக இருக்கும். சரியான டிரைவர் இருந்தால்!

பென் டிரைவைச் செருகினான். திரை நீலமாகி, மொழி கேட்டு, அது கேட்டு, இது கேட்டு, கடைசியில் டிஸ்க் காட்டவேண்டிய இடத்துக்கு வந்தது. அங்கே ஒன்றுமில்லை. டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிக்காட்டியது. பென் டிரைவில் இருந்த டிரைவர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தான். எதையும் அந்தக் கார்ட் சட்டை பண்ணவில்லை.

றொமேஷுக்கு வேர்த்துவிட்டது. செய்யவேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். மூடியைக் கழற்றி, கார்டின் பேரைப் பார்த்து, பக்கத்து மேட்டுக்கு ஏறினால் போனில் சிக்னல் கிடைக்கும்; டிரைவரை இறக்கிக்கொண்டு வரலாம். அரை மணித்தியாலத்து வேலை. ஆனால் அதற்கு, "நான் முன்னமே பார்த்து வரவில்லை" என்று பெரிய கிளாக்கரிடம் வாய் திறக்கவேண்டும். டிரைவரெல்லாம் கையோடு இருக்கிறது, சரசரவென்று முடித்துவிடுவான் என்று நானா போனில் வேறு சொல்லிவைத்திருக்கிறார்.

"என்னா தம்பி, ஏதும் பிரச்சினையா?" என்றார் பெரிய கிளாக்கர்.

"இல்லங்க ஐயா."

அந்த "ஐயா"வும் லயத்து வழக்கம்தான். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆபீஸ் ஆளின் முன்னால் "தெரியல", "முடியல", "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல நாக்கு வராது. "சரிங்க ஐயா" மட்டும்தான் வரும். டவுன்காரனாக இருந்திருந்தால் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, "கார்ட் வேற மாதிரி இருக்கு, டைம் எடுக்கும்" என்று அலட்சியமாகச் சொல்லியிருப்பான். டவுன்காரனாக நடித்தவனுக்கு அது மட்டும் வரவில்லை.

ஒரு குறுக்கு வழி இருந்தது. கம்ப்யூட்டரின் அமைப்புக்குள் போய், கார்டின் பொறுப்பைப் பறித்துவிட்டால், டிஸ்குகள் கார்ட் இல்லாமல் தனித்தனியாகத் தெரியும். மாற்றினான். தெரிந்தன. இரண்டு டிஸ்குகள். முதலாவதில் பாதி பிய்ந்த மாதிரி ஏதோ ஒரு பகுதி. இரண்டாவது சுத்தமாகக் காலி என்றது திரை.

காலியா? இரண்டு வருச வேலை இருக்கிற டிஸ்க் எப்படிக் காலியாக இருக்கும்? கேள்வி அவன் மனசில் எழும்பாமல் இல்லை. எழும்பியது. நன்றாகவே எழும்பியது. முதுகுக்குப் பின்னால் பெரிய கிளாக்கர் தொண்டையைச் செருமினார். றொமேஷ் முதலாவது டிஸ்கை அழித்து, அதில் எழுதச் சொல்லிப் பட்டனைத் தட்டிவிட்டான். அட பாவி! தெரியாதவன் செய்தால் பாவம் என்று விட்டுவிடலாம். இவன் தெரிந்தவன்.

சர்வரை முதலில் அமைத்த புண்ணியவான் யாரோ, எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி இரண்டு டிஸ்கிலும் பாதி பாதியாக எழுதும்படி கட்டியிருந்தான். ஒன்று போனால் மற்றதும் குப்பை. கார்டின் அமைப்பைத் திறந்து பார்த்திருந்தால், அதன் பட்டியலில் அதுவும் தெரிந்திருக்கும். புது விண்டோஸ் அழகாக ஏறி முடிந்தது. ஜெசீகா வந்து தன் பேர்வழிப் பட்டியலைத் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். றொமேஷ் அமைப்பைத் திருப்பி மாற்றிப் பார்த்தான். இரண்டு டிஸ்குக்கும் இருந்த உறவு முறிந்துவிட்டது என்று கார்ட் சொல்லிவிட்டது.

"எங்க, எல்லாம் சரியா?" என்று பெரிய கிளாக்கர் வந்தார். ஜெசீகா எழுந்து நின்றாள்.

"பழைய டேட்டா... வரலங்க" என்றான் றொமேஷ். "டிஸ்க் பழசு."

பெரிய கிளாக்கர் அவனைப் பார்க்கவில்லை. ஜெசீகாவைப் பார்த்தார். "காப்பி எங்க?"

ஜெசீகா றொமேஷைப் பார்த்தாள். றொமேஷ் தன் கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்தான். அந்தச் சின்னப் பென் டிரைவில் அப்படி என்னதான் இருந்ததோ, அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"எடுக்கலங்க ஐயா" என்றாள் அவள்.

"எடுக்கல! கேட்டீங்களா தம்பி, எடுக்கலயாம்! ரெண்டு வருசம் ஒக்காந்து சம்பளம் வாங்குனா, ஒரு காப்பி எடுத்து வைக்கத் தெரியல. இதுகள உள்ள எடுக்காதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்." கத்தி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி றொமேஷின் தோளைத் தட்டினார். "ஒங்க மேல தப்பில்ல. நீங்க மொகம் வாடாதீங்க. இருங்க, டீ குடிங்க." கப்பையும் சாசரையும் தன் கையாலேயே எடுத்து நீட்டினார்.

அந்த டீயை இவன் வாங்கிக் குடித்தான். ஆமாம், குடித்தான். ஜெசீகா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். கடைசி மடக்கு வரை குடித்து, கப்பைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

அடுத்த நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் பவாஸ் என்கிற பையன் விளையாட்டாக, "அண்ணன், இந்தக் கார்ட பாத்துட்டீங்களா?" என்று எதற்கோ கேட்க, இவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் வாயைத் திறந்து, "இவருதான் வேணாம்னாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? பயந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேலை போயிருக்காது, ரெண்டு திட்டோடு விட்டிருப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கம் மட்டும் இருந்து என்ன பிரயோசனம்?

பிரின்டரைச் சர்வரோடு இணைக்கவேண்டும் என்று திரும்பவும் அழைப்பு வந்தது. போனான். ஜெசீகாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"அந்தப் பிள்ள வரலீங்களா?"

"அவள மலைக்கு ஏத்தியாச்சே" என்றார் பெரிய கிளாக்கர், பேப்பரைப் புரட்டிக்கொண்டே. "கொழுந்து எடுக்கிற கைக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்? தொரையும் சரின்னுட்டாரு. இனிமே லயத்து ஆளே உள்ள வேணாம்னு பேசி முடிச்சாச்சு."

றொமேஷ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான்.

"ஐயா, அந்தப் பிள்ள மேல தப்பில்லங்க. காப்பி எடுக்கட்டான்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன். கார்ட முந்தியே பாத்து டிரைவர் கொண்டாரணும். நான் பாக்கல. பாத்ததா எங்க மொதலாளிகிட்ட பொய் சொன்னேன். அழிச்சது நான்தான்."

பெரிய கிளாக்கர் பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரித்தார்! "ஒங்களுக்கு நல்ல மனசு தம்பி. பாவம், பொம்பளப் பிள்ளைன்னு எரக்கப்பட்டு நீங்க தலையில போட்டுக்கிறீங்க. ஒங்கள மாதிரி டவுன்ல படிச்சு வளந்த ஆளு அப்பிடி ஒரு மடத்தனம் பண்ணுவாரா? எனக்கு இந்த லயத்து ஆளுகளத் தெரியாதா? ஒக்காருங்க, ஒக்காருங்க."

றொமேஷ் உட்காரவில்லை. தான் கட்டிய பொய் தன்னையே இப்படிப் பாதுகாக்கும் என்று அவன் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னாலும் எடுபடவில்லை. அது எடுபடவேண்டுமென்றால் இன்னோர் உண்மையையும் சொல்லவேண்டும். இத்தனை வருசமாக நானாவுக்குத் தெரியாமல், கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாமல், பொத்திப் பொத்தி வைத்திருந்தது. சொல்லாமல் போய்விடலாம். பிரின்டரை இணைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

"நான் டவுன் இல்லங்க ஐயா" என்றான். "நானும் லயத்துல பொறந்தவன்தான். கொஸ்லந்தப் பக்கம். எங்கம்மா இன்னமும் கொழுந்துதான் எடுக்குது."

பெரிய கிளாக்கர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. ஏதோ கணக்கு இப்போதுதான் சரிவந்த மாதிரி ஒரு திருப்தி வந்தது.

"அப்பிடிச் சொல்லு" என்றார். "அப்ப நீதான் பண்ணிருப்ப."

அவ்வளவுதான். கேள்வி இல்லை, சாட்சி இல்லை. போனை எடுத்து மொஹிதீன் நானாவைக் கூப்பிட்டார். றொமேஷ் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். லயத்துப் பையனை டவுன் பையன் என்று ஏமாற்றி அனுப்பியதாக நானாவையும் ஒரு பிடி பிடித்தார். அந்தப் பக்கம் நானா என்ன சொன்னாரோ, பெரிய கிளாக்கர் சட்டென்று போனை வைத்துவிட்டார். பிறகு நாற்காலியைக் காட்டி, "அத அங்கிட்டுத் தள்ளிப் போடு" என்றார். றொமேஷ் தள்ளிப் போட்டான்.

"அந்தப் பிள்ளைய நாளைக்கு வரச்சொல்லு. எல்லாத்தையும் மொதல்லயிருந்து டைப் அடிக்கிறதுக்கு வேற யாரு இருக்கா இங்க? மடுவத்துல நிப்பா. நீயே போய்ச் சொல்லு."

மடுவத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். றொமேஷ் நேராகப் போய் வரிசைக்கு முன்னால் நின்றான். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெசீகா கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் படங்கு, விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. இத்தனை நாளில் கை கறுத்துப்போயிருந்தது.

"ஜெசீகா, நாளையிலருந்து ஆபீஸுக்கு வரச் சொன்னாங்க" என்றான். "தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

அவள் படங்கில் கையைத் துடைத்தாள். "நீங்க சொன்னதும் நம்பிட்டாரா?"

"மொதல்ல நம்பல. நானும் லயந்தான்னு சொன்னதுக்கப்புறம் நம்பிட்டாரு."

"செபஸ்தியம்மா அத்தை மகன்னு சொன்னீங்களா?"

றொமேஷ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஒனக்கு... அது எப்பிடி?"

"எங்க பெரியம்மா ஒங்க லயத்துலதானே இருக்காங்க. மாதா திருநாளைக்கு நான் அங்க போறப்பல்லாம் ஒங்கள அத்தையோட கோயில்ல பாத்திருக்கேன். நீங்க மொத நாள் படியேறுனப்பவே தெரியும்ணே."

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்த?" என்றான் றொமேஷ். "நான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லிருக்கலாம். இவனும் நம்ம ஆளுதான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, அன்னைக்கே ஒன்னைய நம்பிருப்பாரே! ஒன் வேல போயிருக்காதே!"

ஜெசீகா கூடையைத் தராசுப் பக்கம் நகர்த்தினாள். அவனைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"ஐயா ஒங்கள நாற்காலியில ஒக்கார வச்சு, கப்புல டீ ஊத்தி, தன் கையால நீட்டுனாரு. எங்கம்மா காலத்துலருந்து எங்க ஆளு யாருக்கும் அங்க அப்பிடி நீட்டுனது கெடையாது. நம்ம ஆளு ஒருத்தராவது ஒக்காந்து குடிக்கட்டுமேன்னு இருந்துட்டேன்."

தராசுக்காரர் அவள் பேரைக் கூப்பிட்டார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, றொமேஷ் அங்கேயே நின்றான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அவள் முன்னால் அழக்கூட அவனுக்கு வெட்கமாக இருந்தது.